ஃபுல் ஸ்டாக் கோர்ஸில் மகளைச் சேர்க்கலாமா?

அம்மா, மூன்றாம் ஆண்டு முடிக்கப்போகும் மகளை, திரையில் தெரிகிற பக்கம், பின்னால் சர்வரில் ஓடுகிற பக்கம் இரண்டையும் சொல்லித்தரும் ஆறு மாத ஃபுல் ஸ்டாக் கோர்ஸில் சேர்ப்பதா, அவள் ஆசைப்படுகிற மாதிரி ஜாவாவில் சர்வர் பக்கம் மட்டும் எழுதும் பேக்கெண்டோடு விட்டுவிடுவதா என்று கேட்டிருந்தீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே நல்லது.

அவள் சொல்வதுதான் சரி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

போன மாதம் ஒரு பையன் வந்திருந்தான். ஃபுல் ஸ்டாக்குக்கான கருவிகளில் மோங்கோடிபி, எக்ஸ்பிரஸ், ரியாக்ட் (இது திரைப் பக்கத்துக்கானது), நோட் நான்கும் ரெஸ்யூமில் இருந்தன. அவன் செய்த ஷாப்பிங் தளத்தில் லாகின் பட்டனை அழுத்தச் சொன்னேன். 500 என்று எரர் வந்தது. "இப்போ எங்கே பார்ப்பே?" என்றேன். கால் மணி நேரம் ரியாக்ட் கோடையே புரட்டிக்கொண்டிருந்தான். 500 என்றாலே கோளாறு சர்வர் பக்கம். முதலில் திறக்கவேண்டியது, சர்வரில் நடந்ததெல்லாம் பதிவாகிற சர்வர் லாக். வீடியோவைப் பார்த்துப் பார்த்து நான்கையும் தட்டியிருக்கிறான், எதிலும் மாட்டிக்கொண்டு தானாக வெளியே வந்ததில்லை. அவன் மேல் தப்பில்லை, கோர்ஸில் கொடுத்த அவகாசம் அவ்வளவுதான்.

உங்கள் மகள் ஜாவா, அதில் சர்வர் பக்கம் எழுத உதவும் ஸ்பிரிங் பூட், டேட்டாபேஸோடு பேசும் எஸ்க்யூஎல் மூன்றிலும் ஒரு வருடம் நன்றாக ஊறட்டும். எஸ்க்யூஎல்லை எந்தக் காரணத்துக்காகவும் விடவேண்டாம். 1970களில் பிறந்த மொழி, இன்றும் வங்கிக் கணக்குகளுக்குப் பின்னால் அதுதான் ஓடுகிறது. திரையில் தெரிகிற பக்கத்துக்கான கருவிகள் அப்படியில்லை. கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் 2010ல் வந்தது. 2022 தொடக்கத்தோடு கூகுளே ஆதரவை நிறுத்திக்கொண்டது.

சரி, அந்த நிபந்தனை என்ன? ரியாக்டில் ஒரே ஒரு பக்கமாவது, தான் எழுதிய ஏபிஐயோடு (திரைப் பக்கம் சர்வரிடம் தகவல் கேட்கும் வழி) பேசுகிற மாதிரி, அவள் கையாலேயே செய்திருக்கவேண்டும். பிரவுசரில் நெட்வொர்க் டேபைத் திறந்து, பட்டனை அழுத்தியதும் என்ன போகிறது, என்ன திரும்பி வருகிறது என்று உங்களுக்கே காட்டத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

மீதியை வேலை சொல்லிக்கொடுக்கும். பத்துப் பேர் இருக்கிற ஸ்டார்ட்அப்பில் எல்லாமே தலையில் விழும், ஃபுல் ஸ்டாக் தானாக வந்துவிடும். பெரிய சர்வீஸ் கம்பெனி என்றால், டெஸ்டிங்கா சப்போர்ட்டா என்பதே பல நேரம் சேர்ந்த பிறகுதான் தெரியும். எதில் போட்டாலும் எஸ்க்யூஎல் கைகொடுக்கும்.

கோர்ஸ்காரர்கள் மறுபடி போன் செய்து வேலைக்கு உத்தரவாதம் என்றால், எத்தனை மாதத்தில், என்ன சம்பளத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம், அடுத்த சனிக்கிழமை அவளை லேப்டாப்போடு அழைத்து வாருங்கள். அவள் எழுதிய கோடை நான் பார்க்கவேண்டும்.