தகுதிச் சான்றிதழ் உண்டு, போல்ட்டுகள் ஆடுகின்றன: லொறியை வாங்கலாமா?

கேள்வி: புறக்கோட்டையிலிருந்து கடைகளுக்குச் சரக்கு ஏற்றுவதற்காகப் பழைய லொறியொன்றைப் பார்த்திருக்கிறேன். சரக்குப் பெட்டியைச் செசியுடன் பிணைக்கும் போல்ட்டுகளில் சில கையால் அசைத்தாலே ஆடுகின்றன. தகுதிச் சான்றிதழ் இன்னும் பல மாதங்களுக்குச் செல்லுபடியாகும் என்றும், போல்ட்டுகளை இறுக்கித் தருவதாகவும் விற்பவர் கூறுகிறார். நம்பி வாங்கலாமா?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: சான்றிதழை நம்பி முற்பணம் கொடுக்க வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்காக லொறிகளுக்கு ஆண்டுதோறும் பெறப்படும் அந்தச் சான்றிதழ், பரிசோதனை நாளில் வண்டி இருந்த நிலையை மட்டுமே காட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் உதவும். இலங்கையில் அவை சட்டமல்ல. கெபினையோ பெட்டியையோ செசியுடன் பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்தோ, உடைந்தோ, காணாமலோ இருக்கக் கூடாது என்று அவை கூறுகின்றன. இத்தனை வரை பரவாயில்லை என்ற சலுகை அதில் கிடையாது. சக்கரத்துக்கு மட்டும் வீதிச் சோதனையில் ஒரு கணக்கு உண்டு: பத்து போல்ட் உள்ள சக்கரத்தில் அடுத்தடுத்த இரண்டோ, எங்கேனும் மூன்றோ தளர்ந்திருந்தால் வண்டி அங்கேயே நிறுத்தப்படும்.

இறுக்கித் தருவது பெரிய காரியமல்ல, ஏன் தளர்ந்தது என்பதே கேள்வி. நட்டின் அடியிலிருந்து செந்நிறத் துருக்கோடு வழிந்திருந்தாலோ, அதைச் சுற்றி உலோகம் தேய்ந்து பளபளத்தாலோ, அது நெடுநாளாக ஆடிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அப்படியானால் போல்ட்டைக் கழற்றித் துளையைப் பாருங்கள்: வட்டமாக இல்லாமல் நீண்டு தேய்ந்திருந்தால் எத்தனை முறை இறுக்கினாலும் அது மீண்டும் தளரும், துளையின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால் அந்த லொறியை விட்டுவிடுவதே மேல். அச்சை ஸ்பிரிங்குடன் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளையும் உங்கள் சொந்த மெக்கானிக்கே பார்க்கட்டும். அவை தளர்ந்தால் சுமை முழுதும் ஸ்பிரிங்கின் நடுப் போல்ட்டில் விழும். அது முறிந்தால் அச்சு இடம்பெயர்ந்து வண்டி கோணலாக ஓடும். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் பூட்டாமல் புதியது போடச் சொல்லுங்கள். “வெல்டிங் வைத்தால் சரியாகிவிடும்” என்பார்கள் (கராஜ்களில் இதைச் சொல்லாதவர் குறைவு). உற்பத்தியாளர் அனுமதிக்காத இடத்தில் செசியைச் சூடாக்குவது உருக்கைப் பலவீனப்படுத்தும்.

இன்னொன்று, குறையைக் கண்ணால் கண்ட பிறகு வாங்குகிறீர்கள். இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வாங்குபவர் பரிசோதித்த பொருளில் அப்பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மறைமுக உத்தரவாதம் (எழுதாமலே சட்டம் தரும் உறுதி) கிடையாது. ஆகவே எந்தெந்தப் போல்ட்டுகள் மாற்றப்படும், யார் செலவில், எப்போது என்பதை உடன்படிக்கையில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சோதனைக்காகச் சக்கரங்களைக் கழற்றிப் பூட்டியிருந்தால், 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.