ஃபோர்ஸ் புஷ்ஷுக்கு எங்கே பூட்டுப் போடுவது? பாளையங்கோட்டை அண்ணாச்சியிடம் சில கேள்விகள்

வள்ளியூரிலிருந்து: நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில், கூட வேலை பார்க்கும் தம்பி ரீபேஸ் (பதிவு வரிசையைத் திருத்தி எழுதுவது) செய்து ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதை மீறித் தன்னுடையதை ஏற்றுவது) அடித்துவிட்டான். மெயின் பிராஞ்சில் (எல்லோருக்கும் பொதுவான முக்கியக் கிளை) என் 2 நாள் கமிட் (பதிந்த மாற்றங்கள்) காணோம். போயே போச்சா அண்ணாச்சி?

போகவில்லை தம்பி, உங்கள் லேப்டாப்பில் கிடக்கும். கிட் ரெஃப்லாக் (பிராஞ்ச் எந்தெந்த கமிட்டில் நின்றது என்ற குறிப்பேடு) அடித்து, பழைய கமிட்டின் ஹேஷைப் (அடையாள எண்ணை) பிடித்து, அதில் ஒரு புது பிராஞ்ச் போட்டுவிடுங்கள். எந்த பிராஞ்சிலும் சேராத கமிட்டின் ரெஃப்லாக் வழக்கமாக 30 நாள்தான் நிற்கும், தள்ளிப்போட வேண்டாம். சர்வரின் பேர் ரெப்போவில் (வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் உள்ள கிடங்கு) தேடிப் பயனில்லை, அங்கே சாதாரணமாக ரெஃப்லாக் எழுதப்படுவதில்லை.

தென்காசியிலிருந்து: எங்களுக்குச் சொந்த சர்வர். இதை எப்படித் தடுப்பது?

பூட்டு சர்வரில் இருக்க வேண்டும். ஆளாளுக்கு லேப்டாப்பில் போட்டால் அவரே கழற்றிவிடுவார். அங்குள்ள ரெப்போவில் கிட் கான்ஃபிக் வழியாக ‘ரிசீவ்.டினைநான்ஃபாஸ்ட்ஃபார்வர்ட்ஸ்’ (பழைய கமிட்டை விட்டுவிடும் புஷ்ஷை மறுக்கும் அமைப்பு) என்பதை ட்ரூ ஆக்குங்கள். கிட் இனிட் (புது ரெப்போ தொடங்குவது) செய்யும்போதே ஷேர்ட் என்று கொடுத்திருந்தால் அது தானாகவே ட்ரூதான்.

நாங்களும் இதோடு நிம்மதியாக இருந்தோம். ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வடம் பிடிக்கப் போகும் அவசரத்தில் ஒருவன் ரிலீஸ் பிராஞ்சுக்குப் புஷ் செய்தான். ‘ரிஜெக்டட்’ என்று சிவப்பில் வந்தது. என்ன ஏது என்று பார்க்காமல் சர்வரிலிருந்து அந்த பிராஞ்சையே அழித்துவிட்டு, அதே பெயரில் தன்னுடையதை ஏற்றிவிட்டான். முன்வாசலில் பூட்டு, புறவாசல் திறந்து கிடந்தது. ‘ரிசீவ்.டினைடிலீட்ஸ்’ஸையும் சேர்த்து ட்ரூ ஆக்குங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: என் சொந்த பிராஞ்சில் ரீபேஸ் செய்வது எனக்குப் பழக்கம் அண்ணாச்சி. அதற்கும் தடையா?

அந்த கான்ஃபிக் ரெப்போ முழுவதையும் பிடிக்கும் தாயி. மெயினுக்கு மட்டும் என்றால் அப்டேட் ஹூக் (புஷ் வரும்போது சர்வரில் தானாக ஓடும் சின்ன நிரல்) எழுத வேண்டும். பிராஞ்ச் பெயர், பழைய ஹேஷ், புது ஹேஷ் மூன்றும் அதன் கையில் வரும். பழையது புதியதன் மூதாதையா என்று மெர்ஜ்-பேஸ் கட்டளையில் கேட்டு, இல்லையென்றால் 1 என்று வெளியேறினால் புஷ் நின்றுவிடும். புது பிராஞ்சுக்குப் பழைய ஹேஷ் முழுக்கச் சுழியமாக வரும், அதை விட்டுவிடுங்கள். கிட்ஹப், கிட்லேப் போன்ற இணையச் சேவை என்றால் ஹூக்கே வேண்டாம், புரொடக்டட் பிராஞ்ச் (பிராஞ்சைப் பூட்டும் விதி) போதும். ஆனால் கிட்ஹப்பில் அட்மினை அந்த விதி தானாகக் கட்டாது. அவரையும் சேர்த்துக் கட்டுங்கள். உங்கள் பிராஞ்சிலும் வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடுங்கள். உங்கள் லேப்டாப்புக்கு இன்னும் வராத கமிட் அங்கே ஏறியிருந்தால் அது மறுத்துவிடும்.

நாங்குநேரியிலிருந்து: தப்பான கமிட் மெயினுக்குப் போய்விட்டதே, அழிக்காமல் எப்படிச் சரிசெய்வது?

சார்பதிவாளர் ஆபீஸில் சர்வே நம்பர் தப்பாகப் பதிவானால் பழைய பத்திரத்தையா கிழிக்கிறார்கள்? பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிகிறார்கள். கிட்டில் அதற்குப் பெயர் ரிவர்ட், பழைய மாற்றத்தை ரத்து செய்யும் புது கமிட்.

பாஸ்வேர்டைக் கமிட் பண்ணிவிட்டால்?

முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வரலாற்றைத் திருத்தினாலும், ஏற்கெனவே குளோன் எடுத்தவர் லேப்டாப்பில் பழைய பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும். அப்புறம் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, ஒரே ஒரு ஆள் பூட்டைத் திறந்து, வரலாற்றைத் திருத்தி முடித்து, அன்றைக்கே திரும்பப் பூட்டட்டும்.