ஊசி தடுப்பது செல்லுக்கு வெளியே, மாத்திரை தடுப்பது உள்ளே

கேள்வி: எனக்கு ருமட்டாய்டு மூட்டுவாதம். அடாலிமுமாப் ஊசியிலிருந்து டோஃபாசிட்டினிப் மாத்திரைக்கு டாக்டர் மாற்றியிருக்கிறார். நோய் அதேதான், இப்போது மட்டும் ஏன் ஹீமோகுளோபின், கொழுப்பு என்று இத்தனை ரத்தப் பரிசோதனை?

பதில்: இரண்டு மருந்தும் அழற்சியைத்தான் அடக்குகின்றன. ஆனால் அடக்கும் இடம் வேறு.

அடாலிமுமாப் பெரிய புரதம். டி.என்.எஃப் என்ற ஒரே ஒரு சேதிப் புரதத்தை, அது செல்லின் மேல் சேதியை வாங்கும் புரதமான ஏற்பியைத் தொடுவதற்கு முன்பே பிடித்துக்கொள்கிறது. மாத்திரையோ சின்ன மூலக்கூறு, செல்லுக்குள்ளேயே நுழைந்துவிடும்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இன்டர்லூகின்-6 போன்ற சேதிப் புரதம் வந்து ஒட்டியதும், செல்லின் மேல்சவ்வில் இருக்கும் ஏற்பிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. இந்த ஏற்பிகளுக்குச் சொந்தமாக நொதி கிடையாது. உள்பக்கம் நீண்டிருக்கும் அவற்றின் வாலில் ஜாக் என்ற நொதி ஒட்டியிருக்கிறது. வால்கள் நெருங்கும்போது ஒரு ஜாக் இன்னொன்றின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதை உசுப்பிவிடும். அப்புறம் வாலிலும் பாஸ்பேட் ஏறும். அங்கே ஸ்டாட் புரதங்கள் வந்து உட்கார்ந்து, தாங்களும் பாஸ்பேட் வாங்கிக்கொண்டு, ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும். எல்லாம் சில நிமிட வேலை. பாஸ்பேட்டைத் தருவது, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. ஜாக்கில் அது உட்காரும் குழியைத்தான் மாத்திரை அடைக்கிறது.

சரி, பரிசோதனை ஏன்? ஜாக்கில் மொத்தமே 4 வகை. அவற்றை நம்பியிருக்கும் ஏற்பிகளோ ஏராளம். ரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபொயட்டினின் ஏற்பிக்கு ஜாக்2 வேண்டும். டோஃபாசிட்டினிப் அதை ஓரளவுதான் தடுக்கும், என்றாலும் ஹீமோகுளோபினைக் கவனிக்கத்தான் வேண்டும். வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான்களுக்கு ஜாக்1 வேண்டும். அக்கி வரும் வாய்ப்பு கூடுவதற்கு அது ஒரு காரணம். கெட்ட கொழுப்பும் ஏறலாம்.

மாத்திரை தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை, அக்கித் தடுப்பூசி இரண்டையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். புகைப்பழக்கம், இதயநோய், முன்பு ரத்தம் உறைந்தது என எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இதயப் பாதிப்பு, ரத்தம் உறைதல் போன்ற அபாயங்களுக்காகவே 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மாத்திரைக்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு கொப்புளம் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

வீட்டில் பழைய ஊசி மிச்சம் இருந்தால் மாத்திரையோடு சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் தொற்று அபாயம் கூடும்.