பழைய செம்புக் கம்பியையும் இரும்பையும் கடைக்காரரிடம் விற்கச் சட்டப்படி என்னென்ன தேவை? ரசீது இல்லாமல் ரொக்கத்துக்கு விற்றால் தவறா?

வீட்டிலோ பட்டறையிலோ சேர்ந்துபோன பழைய உலோகத்தை எடைக்குப் போடப் போயிருப்பீர்கள். கடைக்காரர், "ரசீதெல்லாம் எதற்கு, கையோடு காசை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருப்பார். உங்களுக்கு அது மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இங்கே கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் சொந்தமான பழைய பொருளை விற்க நீங்கள் எந்த உரிமமும் வாங்க வேண்டியதில்லை. சிறு தொகையை ரொக்கமாக வாங்குவதும் அதனளவில் குற்றமாகாது. ஆனால், "இந்தச் செம்பு உங்கள் கைக்கு எப்படி வந்தது, யாரிடம் விற்றீர்கள்" என்று காவல் துறை கேட்கும் நாள் ஒன்று வந்தால், அன்று எடுத்துக் காட்ட ஒரு தாளாவது உங்களிடம் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல், மற்ற எதை விற்றாலும் செம்பை மட்டும் விற்காதீர்கள்.

நான் வழக்கறிஞர் அல்ல. கோவை மாவட்டத்தில் நானும் என் கணவரும் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை, அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றித் தரும் பட்டறை நடத்துகிறோம். காயில் எனும் கம்பிச் சுருள் கட்டுவது அவர், கணக்கும் சீட்டும் என் பொறுப்பு. இந்தக் கேள்விக்கு வேறு யாராவது இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டுப் போயிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். "பழைய சாமான் விற்கச் சட்டமாவது ஒன்றாவது" என்று எங்கள் பட்டறை வாசலிலேயே பலர் சொல்லக் கேட்டிருப்பதால், நடந்ததை விரிவாக எழுதத் தோன்றுகிறது.

எங்கள் தொழிலில் பழைய செம்பு எப்படிச் சேர்கிறது என்பதைச் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். எரிந்துபோன மோட்டார் பட்டறைக்கு வந்தால், கம்பிச் சுருள்கள் பதிந்திருக்கும் அசையாத பகுதியான ஸ்டேட்டரின் ஒரு பக்கத்துக் காயில் தலையை உளியால் வெட்டிவிட்டு, மறுபக்கத்திலிருந்து கம்பிக் கற்றைகளை இழுத்து எடுப்பார்கள். பம்பும் மோட்டாரும் ஒன்றாக இணைந்த மோனோபிளாக் மோட்டார்களில் எனாமல் பூசிய கம்பி வார்னிஷில் இறுகிக் கிடப்பதால் சூடு காட்டினால்தான் கழன்று வரும். தண்ணீருக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டாரில் பிளாஸ்டிக் உறை போட்ட பாலி கம்பி என்பதால் சுட வேண்டிய தேவையே இல்லை. இப்படி எடுத்த செம்பு வாடிக்கையாளருடைய சொத்து. அவர் அதைத் திரும்ப எடுத்துச் செல்லலாம். அல்லது எடை போட்டு, அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். கழித்துக்கொண்ட பிறகுதான் அது எங்களுடையதாகிறது. ஆகவே ஒவ்வொரு மோட்டாருக்கும் வேலைச் சீட்டில் பெயர், ஊர், குதிரைத்திறன், கழற்றிய செம்பின் எடை, அது திரும்பப் போனதா கழிக்கப்பட்டதா என்பதை எழுதி, வாடிக்கையாளரின் கையெழுத்தையும் வாங்கி வைக்கும் வழக்கத்தை நான் கணக்கைக் கையில் எடுத்த நாளிலிருந்து கடைப்பிடித்து வருகிறேன். "ரீவைண்டிங்காரன் செம்பில் கை வைப்பான்" என்ற பேச்சை எங்கள் பட்டறையைப் பற்றி யாரும் பேசிவிடக் கூடாது என்பதே அப்போது என் எண்ணமாக இருந்தது.

சென்ற ஆடிக் காற்றுக் காலத்தில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் கேபிள்கள் வரிசையாகத் திருடு போயின. கேபிளை வெட்டி, மேலுறையை எரித்துவிட்டுச் செம்பாக விற்பதுதான் திருடுகிறவர்களின் வழக்கம். காவல் துறையினர் பழைய இரும்புக் கடை ஒன்றில் சோதனை போட்டபோது தீயில் சுட்ட செம்பு மூட்டைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று நாங்கள் விற்றது. கடைக்காரர் தம்மிடம் செம்பு போட்டவர்கள் எல்லாருடைய பெயரையும் சொல்லிவிட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் காலையில் உதவி ஆய்வாளர் ஒருவரும் ஒரு காவலரும் பட்டறைக்கு வந்தார்கள்.

"ஏம்மா, உங்க மூட்டையிலயும் சுட்ட செம்புதானே இருக்குது? எங்கிருந்து வந்துச்சு?" என்று அவர் கேட்டார். நான் வேலைச் சீட்டுப் புத்தகத்தையும், கடைக்காரருக்கு நாங்கள் கொடுத்த விற்பனைப் பில்லின் நகலையும் மேசையில் வைத்தேன். பில்லில் இருந்த எடைக்குச் சீட்டுகளில் இருந்த எடைகள் கணக்குச் சொல்லின. என் கணவர் அன்று கழற்றிக்கொண்டிருந்த மோட்டாரிலிருந்து ஒரு கற்றையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். ரீவைண்டிங் செம்பு ஒவ்வொன்றும் தனித்த முழுக் கம்பி. ஒரு பக்கம் வளைந்து, மறுபக்கம் உளி பட்ட வெட்டுடன், ஸ்டேட்டர் பள்ளத்தின் நீளத்துக்கு ஒரே அளவாக இருக்கும். கேபிள் செம்போ மயிரிழை போன்ற பல இழைகள் முறுக்கிச் சேர்ந்தது. எரித்தாலும் அந்த முறுக்கு போகாது. மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும் வேறுபாடு இது. அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார், பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டார், என்னிடம் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் பங்கு அத்துடன் முடிந்தது.

அதே பட்டியலில், ஊர் ஊராக மொபெட்டில் சென்று பழைய சாமான் வாங்கும் ஒரு பெரியவரின் பெயரும் இருந்தது. அவர் வீடு வீடாக வாங்கிய வயரையும் பித்தளைப் பாத்திரத்தையும் எந்த வீட்டாரும் சீட்டு எழுதிக் கொடுத்து விற்கவில்லை. அவரை இரவு வரை நிலையத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் திருடவில்லை என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்ல அவரிடம் தாள் இல்லை. அவருக்குச் சாமான் போட்ட அத்தனை வீடுகளில் ஒருவராவது வந்து, "இது நாங்கள் கொடுத்தது" என்று சொல்லியிருக்கலாம்; ஒருவரும் வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு திருட்டுப் பொருளைப் பற்றியது. பழைய தண்டனைச் சட்டத்தில் 411-ஆம் பிரிவு முதலாக இருந்தவைதாம் இப்போது இங்கே வந்திருக்கின்றன. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை. அதை விற்றுத் தீர்க்கத் துணைபோனாலும் அதே அளவு தண்டனை. வழக்கமாக அந்த வியாபாரமே செய்கிறவருக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். இதனோடு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 119-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். திருட்டு நடந்த சிறிது காலத்துக்குள் அந்தப் பொருள் ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்பதை அவரால் விளக்க முடியாவிட்டால், அவரே திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். இது கட்டாய ஊகம் அன்று, நீதிமன்றத்தின் விருப்புரிமை என்று சட்டம் படித்தவர்கள் கருத்துரையில் திருத்துவார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் நீதிமன்றம் வரை போய் அந்த விருப்புரிமையைச் சோதித்துப் பார்க்கும் வசதி சாமான் விற்கிற எத்தனை பேருக்கு இருக்கிறது என்றுதான் நான் கேட்கிறேன்.

சில பொருள்களுக்குத் தனிச் சட்டங்களே இருக்கின்றன. தண்டவாளத் துண்டு, கிளிப், போல்ட் போன்ற ரயில்வே சொத்து என்று சந்தேகம் வந்தால் 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டம் பாயும். அதை விசாரிப்பது ரயில்வே பாதுகாப்புப் படை. முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை உண்டு. பொருள் முறையாகத்தான் கைக்கு வந்தது என்று காட்ட வேண்டிய சுமையும் வைத்திருப்பவர்மேல் விழும். மின்கம்பம், மின்பாதைக் கம்பி சார்ந்தவற்றைத் திருடுவதற்கு 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 136-ஆம் பிரிவும், தெரிந்தே வாங்குவதற்கு 137-ஆம் பிரிவும் இருக்கின்றன. தோட்டத்து ஓரமாகக் கிடந்தது, கேட்பாரற்று இருந்தது என்ற பதில் இவற்றுக்கு முன் நிற்காது. அப்படிப்பட்ட துண்டு ஒன்று உங்கள் குவியலில் இருந்தால் அதை எடைக்குப் போடாமல் தனியே எடுத்து வைத்துவிட்டு, உரிய அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

அடுத்தது வரி. உலோகக் கழிவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நாங்கள் பதிவு பெற்றவர்கள் என்பதால் பில் போட்டுத்தான் விற்கிறோம். "பில்லில்லாமப் போட்டீங்கன்னா கிலோவுக்குச் சேத்தித் தர்றனுங்க அம்மணி" என்று கடைக்காரர்கள் கேட்காத மாதம் கிடையாது. அன்றைய காலையில் மேசைமேல் வைக்க அந்தப் பில் இல்லாமல் போயிருந்தால் அந்தக் கூடுதல் காசு எனக்கு எந்த வகையில் உதவியிருக்கும்? உங்களுக்குப் பதிவு இல்லை என்றால், 2024 அக்டோபர் 10 முதல் வந்த மாற்றத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு பெறாத தொழில் செய்கிறவர் பதிவு பெற்ற வியாபாரியிடம் உலோகக் கழிவை விற்றால், வரியைக் கட்டும் பொறுப்பு வாங்குகிறவருடையது. அவர் தமக்குத் தாமே பில் போட்டுக்கொள்ள வேண்டும். விற்றவருக்குப் பணம் தரும்போது பணப் பட்டுவாடாச் சீட்டும் தர வேண்டும். "உங்களுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் என்னால் தாள் தர முடியாது" என்று கடைக்காரர் சொன்னால் அது சரியன்று. அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பதிவு பெற்ற இருவருக்குள் ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வாங்குகிறவர் 2 சதவீதம் வரிப் பிடித்தம் செய்வதும் அதே நாளில் வந்தது; எங்களைப் போன்ற சிறு பட்டறைக்கு அது அரிதாகவே பொருந்தும். தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினால் வண்டியுடன் இ-வே பில் என்னும் சரக்குப் போக்குவரத்து மின்சீட்டு செல்ல வேண்டும். செம்புக்கு அந்த மதிப்பு எளிதில் வந்துவிடும் என்பதால் வண்டியில் ஏற்றும் முன் கணக்குப் பாருங்கள். வீட்டில் உடைந்த குடத்தையும் பழைய கட்டிலையும் விற்பவர் வியாபாரம் செய்யவில்லை. அவர் இந்த வரிக் கணக்குகளுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

ரொக்கத்தைப் பொறுத்தவரை, ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே விற்பனைக்கோ 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது; மீறினால் அபராதம் பெறுகிறவருக்குத்தான், அதாவது விற்ற உங்களுக்கு. வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வாங்கினால் தேதியும் தொகையும் யார் கொடுத்தார் என்பதும் தானாகப் பதிவாகிவிடும் என்பதால், சிறு தொகைக்கும் நான் அதையே விரும்புகிறேன்.

கடையையும் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். பழைய இரும்பு வியாபாரிகளையும் பழம்பொருள் விற்பவர்களையும் ஒழுங்குபடுத்தி உரிமம் வழங்கத் தமிழ்நாட்டில் 1985-இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. உரிமத்தையும் ஜிஎஸ்டி எண்ணையும் சுவரில் மாட்டியிருக்கும் கடை, உங்கள் அடையாள அட்டையைக் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நகலின்மேல், "இன்ன தேதியில் இன்ன பொருள் விற்றதற்காகக் கொடுத்தது" என்று குறுக்கே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பிறகு அதை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. எலக்ட்ரானிக் தராசில் சட்டமுறை எடையளவுத் துறையின் அந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரும்பில் நூறு கிராம் போனால் போகட்டும் என்று விடலாம். செம்பில் விட முடியாது.

இன்வெர்ட்டர் பேட்டரியை இந்தக் குவியலோடு சேர்க்காதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது தனியாக, அங்கீகாரம் பெற்றவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது; புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்வது எளிது. பழைய வண்டியை உடைக்கக் கொடுப்பதாக இருந்தால் பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, வண்டி அழிந்ததை 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் உடைந்துபோன வண்டி உங்கள் பெயரில் ஓடிக்கொண்டேயிருக்கும்.

"இருநூறு ரூபாய்ச் சாமானுக்கு இவ்வளவு பேச்சா, மக்களைப் பயமுறுத்துகிறீர்களே" என்று யாராவது எழுதலாம். பயமுறுத்துவது என் நோக்கம் அன்று. ஒரு துண்டுத் தாளில் பொருள், எடை, தேதி, இருவர் பெயர், கைபேசி எண், கையெழுத்து ஆகியவற்றை எழுத அதிக நேரம் ஆகாது. இப்போது அந்த மொபெட் பெரியவர் எங்களிடம் பழைய தகரமும் வார்ப்பிரும்பும் வாங்கும்போது, அவர் கேட்காமலேயே இரண்டு நகலாக எழுதி ஒன்றை அவர் பையில் வைத்து அனுப்புகிறேன். நீங்கள் தெருவில் வருகிறவரிடம் விற்பதாக இருந்தாலும் அவருக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள்; அது உங்களைவிட அவருக்குத்தான் அதிகம் தேவைப்படும்.

முறையாக விற்ற அல்லது வைத்திருந்த பொருளைக் காவல் துறை கைப்பற்றிவிட்டால், வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 ஆகிய பிரிவுகளின்கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். கைப்பற்றிய பொருளைக் காவல் நிலையத்தில் நெடுங்காலம் கிடக்க விடக் கூடாது, விவரக் குறிப்பும் புகைப்படமும் எடுத்துக்கொண்டு, பிணை எழுதி வாங்கி உரியவரிடம் விரைவில் ஒப்படைக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் கூறியிருக்கிறது. மனுவோடு இணைக்க வேண்டியவை அந்த விற்பனைச் சீட்டு, எடைச் சீட்டு, பொருள் உங்களிடம் வந்ததற்கான சான்று. கேபிளைப் பறிகொடுத்த விவசாயிக்கும் இதே வழிதான். அவர் கேபிள் வாங்கிய கடையின் பில்லைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு மனுப் போடட்டும்.