ரீ.ஓ. வேலைக்குப் போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுப் பிளானைச் சபையில் பாஸ் பண்ணுவது எப்படி என்று கேட்டு எழுதுபவர்களுக்கு நடுவே, பாஸ் பண்ணும் பக்கத்தில் போய் உட்காரலாமா என்று கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். இம்முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். உள்ளூராட்சி சபையில் ரீ.ஓ., அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். சில பதில்கள் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்தேன். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. கட்டடப் பரிசோதகர் ஆக ஆசை. என்ன படிக்க வேண்டும் ஐயா?
சுன்னாகம் வாசகர்

தம்பி, நம் பிரதேச சபைகளில் கட்டடம் மட்டும் பார்க்கும் பரிசோதகர் என்று ஒருவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். தொழில்நுட்ப உத்தியோகத்தர்தான், அதாவது ஊரில் ரீ.ஓ. என்று சொல்லும் ஆள்தான், காலையில் புது வீட்டுக்கு அத்திவாரம் பார்ப்பார். மத்தியானம் மதகு வேலைக்கு மதிப்பீடு போடுவார், பின்னேரம் சந்தைக் கட்டடத்தின் கூரை ஒழுக்கைப் போய்ப் பார்ப்பார். மார்கழி வந்தால் வீட்டுப் பிளான்கள் ஒரு மூலையில் கிடக்கும். ஒதுக்கிய பணம் வருடம் முடிவதற்குள் செலவாக வேண்டும் என்று எல்லோரும் வீதி வேலைக்குப் பின்னால் ஓடுவார்கள். கட்டடம் மட்டும்தான் பிடிக்கும் என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

படிப்பு என்றால் குடிசார் பொறியியல் பக்கத்து டிப்ளோமாவோ அதுபோன்ற தகைமையோ வேண்டும். மொரட்டுவைத் தொழில்நுட்ப நிறுவகத்தின் என்.டி.ரி. (தொழில்நுட்பத் தேசிய டிப்ளோமா), உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்களின் எச்.என்.டி.ஈ. (பொறியியல் உயர் தேசிய டிப்ளோமா), தொழில்நுட்பக் கல்லூரிகளின் என்.சி.ரி. (தொழில்நுட்பத் தேசிய சான்றிதழ்) என்பவை பழைய, தெரிந்த வழிகள். தேசிய தொழிற்தகைமையில், அதாவது என்.வீ.க்யூ.வில், 5ஆம் 6ஆம் மட்டங்கள்தான் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும். 4ஆம் மட்டம்வரை வெறும் சான்றிதழ். பதவிக்கு ஆள் எடுப்பது மாகாண பொதுச் சேவை ஆணைக்குழு. எந்தத் தகைமையை ஏற்கிறார்கள், வயதெல்லை என்ன என்பது அவர்கள் வெளியிடும் அறிவித்தலில் இருக்கும். கடைசியாக வந்த அறிவித்தலை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பைத் தெரிவு செய்யுங்கள். படித்து முடித்துவிட்டு அறிவித்தலைத் தேடாதீர்கள். தனியார் நிறுவனத்தில் பணம் கட்டுவதாக இருந்தால், அந்தப் பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று முதலில் கேளுங்கள். சுவரில் மாட்ட அழகான சான்றிதழ் தரும் இடங்கள் யாழ்ப்பாணத்தில் குறைவில்லை.

இன்னொன்று. யாழ். மாவட்டத்தில் மொத்தம் 17 சபைகள்தான் இருக்கின்றன: ஒரு மாநகர சபை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி என்று மூன்று நகர சபைகள், மிச்சம் 13 பிரதேச சபைகள். வெற்றிடம் வருடாவருடம் வராது. அதுவரை ஒரு ஒப்பந்தகாரரிடமோ ஆலோசனை நிறுவனத்திலோ தள வேலை பாருங்கள். சும்மா இருந்து காத்திருந்தவனையும் கொங்கிறீற்றில் கால் வைத்தவனையும் நேர்முகத்தில் இரண்டே கேள்வியில் பிரித்துவிடுவார்கள்.

கட்டாரில் கட்டட வேலையில் மேசனாகவும் பிறகு போர்மனாகவும் இருந்து வந்திருக்கிறேன். அனுபவத்தை வைத்து இந்த வேலைக்கு வரலாமா?
கோப்பாய் வாசகர்

அனுபவத்தை மட்டும் வைத்து ரீ.ஓ. ஆக வழி இல்லை. ஆனால் முன்னனுபவத்தை மதிப்பிட்டு என்.வீ.க்யூ. சான்றிதழ் எடுக்கும் முறை இருக்கிறது. அதை எடுத்துவிட்டு மேலே படிக்கலாம். உண்மையைச் சொன்னால், உங்கள் வயதில் நல்ல மேசன் கொந்தராத்து எடுத்துச் செய்தால் ரீ.ஓ.வைவிடக் கூட உழைப்பார். சபை வேலைதான் வேண்டும் என்றால் வேலைத்தள மேற்பார்வை சார்ந்த பதவிகளுக்கு அறிவித்தல் வரும்போது பாருங்கள். பழைய ஆட்கள் ஓவசியர் என்று சொல்வார்களே, அந்தப் பக்கம்.

நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு அனுமதி கேட்டு வந்தால் தளத்தில் போய் உண்மையில் என்ன பார்ப்பீர்கள்? புத்தகத்தில் உள்ளதைச் சொல்லாமல் சொல்லுங்கள்.
மானிப்பாய் வாசகி

பிள்ளை, இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

போவதற்கு முன் கோப்பைப் பாருங்கள். காணி உறுதி, நில அளவைப் படம், கட்டட வரைபடம் மூன்றும் ஒரே காணியைத்தான் பேசுகின்றனவா? நம் ஊரில் உறுதியில் பரப்பு, குழி என்ற பழைய நில அளவுகளில் எழுதியிருக்கும், நில அளவையாளர் பேர்ச்சில் போட்டிருப்பார், வரைபடக்காரர் அடியில் கீறியிருப்பார். ஒரு பரப்பு பத்துப் பேர்ச், பேர்ச் ஒன்று 272.25 சதுர அடி. இரண்டு பரப்புக் காணி என்றால் 5,445 சதுர அடி. வரைபடத்தில் காணி அதைவிடப் பெரிதாக இருந்தால், தளத்துக்குப் போகும் முன்பே உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. பங்குக் காணியில் மற்றப் பங்காளிகளின் சம்மதமும் கோப்பில் இருக்க வேண்டும். உரித்து யாருடையது என்று தீர்ப்பது உங்கள் வேலை அல்ல. அது மாவட்ட நீதிமன்றத்தின் பாடு. யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமையில் வரும் சொத்துச் சண்டைக்குள் ரீ.ஓ. தலை போட்டால் ஓய்வுபெறும் வரைக்கும் வெளியே வரமாட்டார்.

அடுத்து, காணி எங்கே இருக்கிறது? கடலோரம் என்றால் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரைக்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, தீவகப் பக்கத்து ஆட்களுக்கு இது அடிக்கடி வரும். வயல்காணியை நிரப்பியது என்றால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கும். மழைக்கு முன் போய்ப் பார்த்தால் எல்லாக் காணியும் மேட்டு நிலம்தான்; கார்த்திகையில் ஒருதரம் போய்ப் பாருங்கள்.

தளத்தில் முதலில் எல்லைக் கல்லைத் தேடுங்கள். பிறகு வீதி எல்லை, வீதிப் பக்கம் கட்டடம் தாண்டக்கூடாத கட்டடக் கோடு, பின்பக்க இடைவெளி. கட்டடம் வரும் இடத்தின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளவு நாடா பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக வரவில்லை என்றால் மூலை சதுரம் இல்லை, ஒரு பக்கம் அயல்காணிக்குள் சரியும். மதிலோடு ஒட்டிய ஜன்னல், அயல்வளவுக்குள் விழும் கூரைத் தண்ணீர், இந்த இரண்டும்தான் பிற்காலத்தில் முறைப்பாடாக வருபவை. வரைபடத்திலேயே பிடித்துவிட்டால் இரண்டு குடும்பங்களின் பேச்சுவார்த்தை தப்பும்.

கடைசியாக, எங்கள் மண்ணில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம்: கிணறும் மலசலகூடக் குழியும். குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர். வலிகாமத்தில் சில அடி தோண்டினாலே கல் வரும், அந்தக் கல்லில் வெடிப்பும் துளையும் நிறைய. ஒரு வீட்டுக் குழியில் விட்டது அடுத்த வீட்டுக் கிணற்றில் வடிகட்டப்படாமலே வந்து சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. தோட்டத்து உரமும் ஒரு காரணம், குழிகளும் ஒரு காரணம். ஆகவே விண்ணப்பகாரரின் கிணற்றை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். நாலு பக்க அயல் கிணறுகளையும் படத்தில் குறியுங்கள். வரைபடத்தில் அயல் கிணறு பெரும்பாலும் இருக்காது. இருந்தால் குழிக்கு இடம் வராது என்று வரைபவருக்குத் தெரியும்.

கொங்கிறீற்றின் பலத்தைப் பார்ப்பீர்களா என்று நேர்முகத்தில் கேட்டால் நேர்மையாகச் சொல்லுங்கள்: சாதாரண வீட்டுக்கு சபை அதற்குப் பொறுப்பு நிற்பதில்லை, மாடிக் கட்டடத்துக்குப் பொறியியலாளரின் அத்தாட்சி கேட்போம் என்று. ஆனால் உப்பு மண்ணில் கலவை போடுவதைக் கண்டால் வாய் திறந்து சொல்லிவிட்டு வாருங்கள், கம்பி துருப்பிடிக்கும் என்று. அது கடமைப் பட்டியலில் இல்லை, பரவாயில்லை.

மகளுக்கு நியமனம் கிடைக்கும்போல் இருக்கிறது. பொம்பிளைப் பிள்ளை ஏணியில் ஏறி, மேசன்மாரோடு கதைத்து… சரிவருமா?
நெல்லியடியிலிருந்து ஒரு தாய்

சரிவரும் அம்மா. ஸ்கூட்டியும் தொப்பியும் நல்ல சப்பாத்தும் இருந்தால் போதும். மேசன்மார் முதல் இரண்டு கிழமை சோதித்துப் பார்ப்பார்கள். அளவு பிழைத்த இடத்தில் சரியாகக் கை வைத்துவிட்டால் அதன்பிறகு "மிஸ்" சொன்னால்தான் கலவை கொட்டுவார்கள். வீட்டுக்காரர் தனியாக இருக்கும் இடத்துக்கு யாரும் தனியாகப் போகத் தேவையில்லை. ஆணுக்கும் அதே ஆலோசனைதான் சொல்வேன். தொடக்கத்தில் தீவுப் பக்கம் நியமனம் வந்தால் படகுப் பயணம் இருக்கும். அதை மட்டும் வீட்டில் கதைத்து வையுங்கள்.

சேர்ந்து கொஞ்சக் காலம்தான். சொந்தக்காரர், உறுப்பினர்மார், கோயில் ஆட்கள் என்று எல்லாரும் "ஒருக்கால் பார்த்து விடு" என்கிறார்கள். சமாளிக்க முடியவில்லை அண்ணை.
பெயர் ஊர் வேண்டாம் என்றவர்

உங்களிடம் இல்லாத அதிகாரத்தை உங்களிடம் கேட்கிறார்கள் என்பதை முதலில் நீங்கள் நம்ப வேண்டும். ரீ.ஓ. அனுமதி கொடுப்பதில்லை. அறிக்கை எழுதுகிறார். திட்டமிடல் குழு கூடுகிறது, தவிசாளரின் கையெழுத்தோடு அனுமதி போகிறது. மாநகர சபையில் அது ஆணையாளர், முதல்வர் பக்கம் போகும். 2023 பங்குனியில் சபைகளின் காலம் முடிந்து 2025 வைகாசித் தேர்தல் வரைக்கும் உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்கள் நடத்திய காலத்திலும் அறிக்கை எழுதியது ரீ.ஓ.தான். ஆகவே "பார்த்து விடு" என்றால், "நான் கண்டதை எழுதுகிறேன், குழுவில் கேளுங்கள்" என்று சொல்லிப் பழகுங்கள். முகம் கோணுவார்கள். கல்யாண வீட்டில் ஒரு வருடம் கதைக்கமாட்டார்கள். பிறகு கதைப்பார்கள்.

என் கணக்கில் இந்த வேலை பாதி அளவு, பாதி எழுத்து. போன திகதி, நேரம், யார் நின்றார்கள், என்ன அளவு, எந்தக் கட்டத்தில் வேலை நின்றது என்பதை அன்றைக்கே எழுதிப் படத்தோடு கோப்பில் போடுங்கள். வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915ஆம் ஆண்டது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கம். இரண்டிலும் அனுமதியில்லாத கட்டடத்தை நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழி இருக்கிறது. ஆனால் அங்கே சபையின் சட்டத்தரணி கையில் பிடித்துக்கொண்டு நிற்பது உங்கள் குறிப்பைத்தான். "சில மாதங்களுக்கு முன் பார்வையிட்டபோது" என்று எழுதிய குறிப்பை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார். திகதியும் அளவும் உள்ள குறிப்பு உங்களையும் காப்பாற்றும். பிறகொரு நாள் அயலவர் "காசு வாங்கிக்கொண்டு விட்டார்" என்று முறைப்பாடு போட்டால் பேசப்போவதும் அந்தக் குறிப்புத்தான்.

காசு என்ற பேச்சு வந்துவிட்டது. யாராவது உறையை நீட்டினால் தள்ளிவிட்டு அதையும் மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் வாங்குபவரும் இருவரும் குற்றவாளிகள். அலுவலகத்துக்குள்ளேயே அழுத்தம் என்றால் இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவின் தொலைபேசி 1954. கஷ்டம் காசு மறுப்பதில் இல்லை, தம்பி. வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் மாம்பழக் கூடையை மறுப்பதுதான்.

சம்பளம் போதாது என்கிறார்கள். பின்னேரங்களில் பிளான் கீறிக் கொடுத்து உழைக்கலாமா?
உரும்பிராய் வாசகர்

உங்கள் சபை எல்லைக்குள் கீறாதீர்கள். நீங்களே கீறி, நீங்களே போய்ப் பார்த்து, நீங்களே அறிக்கை எழுதுவது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. "அந்த ஆளிட்டக் கீறினால் கெதியாப் பாஸாகும்" என்ற பேச்சு ஊரில் ஒருமுறை கிளம்பினால் உங்கள் அறிக்கை ஒன்றுக்கும் மதிப்பிருக்காது. எல்லைக்கு வெளியே என்றாலும் அரச ஊழியர் அனுமதியில்லாமல் சம்பளத்துக்கு வேறு வேலை செய்வதைத் தாபன விதிக்கோவை தடுக்கிறது. சம்பளம் பெரிதில்லை என்பது உண்மைதான். படிகளும் வினைத்திறன்காண் தடைதாண்டற் பரீட்சையைத் தாண்டிய உயர்வும் சேர்ந்துதான் மெல்ல ஏறும். அந்தப் பரீட்சையையும் சிங்களத் தேர்ச்சியையும் தள்ளிப்போட்டுச் சம்பள உயர்வு தடைப்பட்டு நிற்பவர்கள் பலர். 2007 யூலைக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு மற்ற அரசகரும மொழியில் ஐந்து வருடத்துக்குள் தேர்ச்சி வேண்டும். சேர்ந்த முதல் வருடமே தொடங்குங்கள்.

ரீ.ஓ.வும் பி.எச்.ஐ.யும் ஒரே வேலையா?
காரைநகர் வாசகர்

இல்லை. பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சுகாதாரப் பக்கம்: குழி, கிணறு, உணவகம், டெங்கு. படிப்பும் ஆள் எடுக்கும் இடமும் வேறு. ஒரே வளவில் இருவரும் சந்திப்பார்கள், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் ரீ.ஓ. ஆக இருக்கும் மருமகன் லண்டனுக்கோ ரொறொன்ரோவுக்கோ வந்தால் அதே வேலை எடுக்கலாமா?
ஸ்காபரோவிலிருந்து ஒரு மாமா

நேராக எடுக்க முடியாது. லண்டனில் கிரென்பெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 2017இல் தீப்பிடித்து 72 பேர் இறந்த பிறகு இங்கிலாந்து முறையையே மாற்றியது. 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2024 முதல் பதிவு செய்த பரிசோதகர்தான் அந்த வேலை பார்க்கலாம். பயிற்சி நிலைப் பதிவில் தொடங்கி மேற்பார்வையில் வேலை செய்யும் வழி இருக்கிறது. ரொறொன்ரோ இருக்கும் ஒன்ராறியோவில் மாகாணத்தின் கட்டட விதிக்கோவைப் பரீட்சைகளை எழுதித் தேற வேண்டும். அங்கே மரச்சட்ட வீடு, பனி, வெப்பக் காப்பு. இங்கே சீமெந்துக் கல்லும் ஓடும். அளவு எடுக்கும் பழக்கம் உதவும், விதிக்கோவையைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

வேலையை விட்டு எழுதிக் கொடுக்கும் முன் மருமகன் தலைமை இலிகிதரிடம் ஒன்றைக் கேட்கட்டும். 2022 நெருக்கடி நேரத்தில் அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக ஒரு சுற்றறிக்கை வந்தது. அது இன்றைக்கு அவருடைய பதவிக்குப் பொருந்துமா என்று எழுத்தில் பதில் வாங்கிவிட்டு மிச்சத்தை யோசிக்கலாம்.