இன்னொரு பிரபஞ்சத்துக்குப் போக 8,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: என் மகன் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நீட் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. இப்போது ‘குவாண்டம் ஜம்பிங்’ என்று ஓர் ஆன்லைன் பயிற்சிக்கு 8,000 ரூபாய் கேட்கிறான். இணைப் பிரபஞ்சத்தில் டாக்டராகிவிட்ட ‘இன்னொரு அவன்’ இருக்கிறானாம். தியானம் செய்தால் இடம் மாறிக்கொள்ளலாமாம். “நோபல் வாங்கின சயின்ஸ்மா” என்கிறான். கட்டலாமா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: கட்ட வேண்டாம் அம்மா. ஆனால் “எல்லாம் கப்சா” என்று மகனிடம் ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள். படிக்கிற பிள்ளை, அந்த வார்த்தையோடு உங்கள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுவான். இணைப் பிரபஞ்சம் என்ற எண்ணத்தை இயற்பியலில் விவரம் தெரிந்தவர்களே இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவனுடைய கல்லூரி ஆய்வகத்தில் போலராய்டு தாள் இருக்கும்; ஒரு திசையில் அதிர்கிற ஒளியை மட்டும் விடுகிற தாள் அது. இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக, 90 டிகிரியில் வைத்தால் வெளிச்சம் அநேகமாக நின்றுவிடும். நடுவில் மூன்றாவது தாளை 45 டிகிரியில் செருகச் சொல்லுங்கள். இன்னும் இருட்ட வேண்டிய இடத்தில் வெளிச்சம் வரும்! கணக்குப்படி, விழுந்த ஒளியில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். நிஜத் தாளில் சற்றுக் குறையும். முப்பது வருஷமாக மாணவர்களுக்குக் காட்டுகிறேன், எனக்கே இன்னும் அலுக்கவில்லை.

ஒளியை ஒவ்வொரு ஃபோட்டானாக, அதாவது ஒளித்துகளாக அனுப்பினாலும் இதே கணக்குதான். நடுத்தாளை அடைந்த ஒரு ஃபோட்டான் தாண்டுமா, தாண்டாதா? பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்கு மேல் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சண்டை தொடங்குவது இங்கேதான். நீல்ஸ் போர், ஹைசன்பர்க் என்ற இயற்பியலாளர்கள் வழி வந்த கோபன்ஹேகன் விளக்கம், அளந்தால் இரண்டில் ஒன்று கிடைக்கும், அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்காதே என்கிறது. டேவிட் போம் 1952-ல் வேறு வழி சொன்னார்: துகளுக்கு எப்போதும் திட்டமான இடம் உண்டு, ஓர் அலை அதை வழிநடத்துகிறது.

பிரின்ஸ்டனில் ஜான் வீலரின் மாணவராக இருந்த ஹியூ எவரெட், 1957-ல், துகள்களின் போக்கைச் சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை அப்படியே நம்பு என்றார். தாண்டியதும் நடக்கிறது, தாண்டாததும் நடக்கிறது. பார்க்கிற கருவியும் பார்க்கிற ஆளும் அதோடு சேர்ந்து கிளை பிரிகிறார்கள். நீல்ஸ் போர் இதை ஏற்கவில்லை. எவரெட் கல்வித்துறையை விட்டு பென்டகன் வேலைக்குப் போய்விட்டார். இந்த எண்ணத்துக்கு ‘பல உலகங்கள்’ என்ற பெயர் பரவியது, பிறகு இயற்பியலாளர் பிரைஸ் டெவிட் எழுதியதால்.

கோபன்ஹேகன், போம், எவரெட் என்ற மூன்று தரப்பிடமும் கேட்டுப் பாருங்கள், போலராய்டுக்கு 12.5 சதவீதம் என்றே மூன்றும் சொல்லும். ஆகவே எவரெட் சொன்னது நிரூபணமான உண்மை என்று யாராவது விற்றால், அது பொய். 2022 நோபல் பரிசு ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் பிணைப்புண்ட (ஒன்றின் நிலை மற்றதன் நிலையோடு சேர்ந்தே இருக்கிற) ஃபோட்டான்களை வைத்துச் செய்த சோதனைகளுக்காகக் கிடைத்தது. இணைப் பிரபஞ்சத்தைக் கண்டதற்காக அல்ல. என்னைக் கேட்டால், எவரெட்டிடம் எனக்கு ஒரு குறை உண்டு: இரண்டுமே நடக்கிறது என்றால், ‘பாதி வாய்ப்பு’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? அவர் பக்கத்து ஆட்கள் பல பதில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் திருப்தி வரவில்லை.

சரி, எவரெட் சொன்னதே மெய் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தாவ முடியாது. ஷ்ரோடிங்கர் சமன்பாடு நேரியல் சமன்பாடு, அதாவது இரண்டு விடைகளைக் கூட்டினாலும் ஒவ்வொன்றும் தன் வழியில் தனியே போகும். ஒரு கிளை நகர்வதில் பக்கத்துக் கிளைக்கு எந்தப் பங்கும் கிடையாது. எலக்ட்ரான் அளவில் இரண்டு வழிகளை மறுபடி சேர்த்துக் குறுக்கீட்டுக் கோலம் (இரு அலைகள் கலந்து உண்டாகும் பட்டைகள்) பார்க்கலாம். காற்றும் வெளிச்சமும் ஓயாமல் மோதுகிற மனித உடம்புக்கு அது நடக்கிற காரியமில்லை. சுற்றுப்புறம் மோதி அந்தக் கோலம் அழிவதைத்தான் டிகோஹெரன்ஸ் என்கிறார்கள்.

இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் 1989-ல் அந்தச் சமன்பாட்டைக் கொஞ்சம் நேரியல் அல்லாததாக மாற்றிப் பார்த்தார். அப்படி மாற்றினால் கிளைகளுக்கு நடுவே பேசிக்கொள்ளும் ‘எவரெட் போன்’ வந்துவிடக்கூடும் என்று இன்னொரு இயற்பியலாளர் ஜோசப் போல்ச்சின்ஸ்கி 1991-ல் காட்டினார். ஆய்வகங்களில் தேடியும் அந்த மாற்றத்துக்கு அடையாளம் கிடைக்கவில்லை. பயிற்சிக்காரர்கள் விற்பது இல்லாத அந்த போனைத்தான். போதாக்குறைக்கு, டாக்டரான அந்தப் பையன் இருந்தால் அவனும் அங்கே உட்கார்ந்து படித்துத்தான் தேறியிருப்பான், தியானத்தில் அல்ல.

நீட் வருத்தம் தனி விஷயம். அதற்குக் கல்லூரியிலேயே மனநல ஆலோசகர் இருந்தால் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கூட யாராவது போனால் நல்லது.

பணப் பேச்சை எடுக்கும் முன் அவனிடம் ஒன்று கேளுங்கள்: நடுத்தாளை 45-க்குப் பதில் 30 டிகிரியில் வைத்தால் எவ்வளவு ஒளி வரும்? பேனாவும் தாளும் கொடுத்துவிட்டு எதிரே உட்காருங்கள். சுமார் 9.4 சதவீதம் என்று வர வேண்டும்.