வருவதை முன்பே உணர்த்தும் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நடக்கப்போவது முன்கூட்டியே மனத்தில் தட்டுவதை முன்னுணர்வு என்பதா, உள்ளுணர்வு என்பதா?

பதில்: முன்னுணர்வு. உள்ளுணர்வுக்குக் காலம் கிடையாது. எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று காரணம் புரியாமலே தோன்றினால் அது உள்ளுணர்வு; நாளை அவர் வரமாட்டார் என்று இன்றே தோன்றினால் முன்னுணர்வு. முன்னறிவு வேறு. அதன் பின்னால் கணக்கும் அனுபவமும் இருக்கும். ‘எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்’ என்ற குறள் (429) பேசுவது அந்த முன்யோசனையை. அதை ஞானதிருஷ்டிக்குச் சான்றாக மேடையில் இழுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேள்வி: சங்க காலத்தில் இதற்கு என்ன சொல் வழங்கியது?

பதில்: ஒன்றல்ல, பல: புள், விரிச்சி, உன்னம், கழங்கு (காய்களை இட்டுக் குறி பார்ப்பது). கவனித்துப் பாருங்கள், இவற்றில் எதுவும் மனத்துக்குள் எழும் உணர்வின் பெயர் அல்ல. எல்லாம் வெளியே கண்ணில் படுவது, காதில் விழுவது.

எனக்குப் பிடித்தது விரிச்சி. ஒரு காரியம் நல்லபடி முடியுமா என்று அறிய விரும்புபவர்கள் தொழுது நிற்பார்கள். அப்போது தற்செயலாகக் காதில் விழும் பிறர் பேச்சே விடை. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் தூவி, கைகூப்பி நிற்கிறார்கள். அங்கே ஓர் ஆயர் மகள், குளிரில் நடுங்கும் தோளைக் கைகளால் கட்டிக்கொண்டு, தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் ‘இன்னே வருகுவர் தாயர்’ என்கிறாள். அவள் தேற்றியது கன்றை. இவர்கள் எடுத்துக்கொண்டது, போருக்குச் சென்ற தலைவன் வந்துவிடுவான் என்று! தான் நற்சொல் வழங்கியது அந்தப் பெண்ணுக்கே தெரியாது.

கேள்வி: சகுனம் வடசொல்தானே?

பதில்: ஆம். வடமொழியில் அதற்குப் பறவை என்பதும் பொருள். நம் ‘புள்’ளும் பறவைதான், பிறகு நிமித்தத்துக்கு ஆகுபெயர் ஆயிற்று. லத்தீனில் சகுனம் பார்ப்பதைக் குறிக்கும் ‘ஆஸ்பிசியம்’ என்ற சொல்லைப் பிரித்தாலும் ‘பறவை பார்த்தல்’ என்றுதான் வரும்.

கேள்வி: ‘வேலை நிமித்தம்’ என்று எழுதுகிறோமே, அந்த நிமித்தமும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒரே சொல்தான். காரணம், அறிகுறி என்று அதற்கு இரண்டு பொருள். பகவத் கீதையிலேயே இரண்டும் வருகின்றன. முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் ‘விபரீத நிமித்தங்களைக் காண்கிறேன்’ என்கிறான், அங்கே அறிகுறி. 11ஆம் அத்தியாயத்தில் கண்ணன் ‘நிமித்த மாத்திரமாக இரு’ என்கிறான். அங்கே காரணம், அதுவும் வெறும் கருவியாக.

கேள்வி: ஆரூடம்?

பதில்: ‘ஏறியது’ என்று பொருள். பலன் கேட்க வந்தவருக்கு அமையும் ராசி ஆரூட ராசி. அதன் பெயரே பலன் சொல்லும் முறைக்கும் ஆகிவந்தது. இன்று பத்திரிகைகளில் தேர்தல் ஆரூடம் என்றால் ஊகம், அவ்வளவே.

கேள்வி: அப்படியானால் மனத்துக்குள் முன்பே தோன்றியதாகப் பழைய இலக்கியத்தில் எங்குமே இல்லையா?

பதில்: இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் தான் கண்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்லத் தொடங்கும் கண்ணகி, ‘கடுக்கும் என் நெஞ்சம்’ என்கிறாள். கடுத்தல் இங்கே ஐயுறுதல். கணவன் கைபிடித்து அழைத்துச் சென்ற பெரிய ஊர், அங்கே தேளைப் போட்டதுபோல் வந்து விழுந்த ஒரு பழி, அரசன் முன் தான் உரைத்த வழக்கு, அந்த ஊருக்கு நேர்ந்த தீங்கு என்று பின்னால் நடக்கப்போகும் எல்லாம் அந்தக் கனவில் இருக்கிறது. ஆனாலும் ‘எனக்குத் தெரியும்’ என்று அவள் சொல்லவில்லை. முன்னுணர்வு என்ற சொல்லுக்கு மிக அருகில் நிற்பது, என் கணக்கில், அந்தக் ‘கடுக்கும்’ தான்.

கேள்வி: அந்தக் காலத்தில் எல்லோருமே நிமித்தத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தானா?

பதில்: இல்லை. உன்னம் ஒரு மரம். அது தழைத்தால் வெற்றி, வாடினால் தோல்வி என்று நம்பினார்கள். பதிற்றுப்பத்தில் (61) கபிலர் சேர அரசன் செல்வக்கடுங்கோவை ‘உன்னத்துப் பகைவன்’ என்கிறார். மரம் வாடி நின்றாலும் பொருட்படுத்தாமல் போருக்குப் புறப்படுகிறவன் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள்.